ஆங்கிலத்தின் 'சீ': புதிதாகப் பேசத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சீசன் தொடங்கிவிட்டால் ஹோட்டல் வரவேற்பு மேசையிலோ, புறாமலைக்குப் போகும் படகிலோ, ஓட்டோவிலோ எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே ஆங்கிலம் கதைக்க வேண்டி வரும். சாதாரண தரத்தில் ஆங்கிலம் சித்தியடைந்த பிள்ளைகள் பெரிய சொற்களில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. 'ரிசர்வேஷன்', 'பாஸ்போர்ட்', 'பிரேக்ஃபாஸ்ட்' எல்லாம் நன்றாக வாயில் வரும். தடுமாறுவது சின்னச் சொற்களில்தான், அதிலும் எஸ் ஈ ஈ என்று மூன்றெழுத்தில் வருகிற 'சீ' என்ற வினைச்சொல்லில். பள்ளிக்கூடத்தில் அதற்கு 'பார்' என்று ஒரே ஒரு அர்த்தம் எழுதிக்கொண்டு வந்திருப்போம், ஆனால் வெளிநாட்டுக்காரர் ஒருவர் அரை மணி நேரம் கதைத்தால் அதே சொல்லை விளங்கிவிட்டது, சந்திக்கிறேன், கவனிக்கிறேன், வழியனுப்புகிறேன், யோசிக்கிறேன் என்று ஐந்தாறு அர்த்தத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

பட்டியலைப் பாடமாக்க வேண்டாம். அகராதியில் இந்தச் சொல்லுக்கு நீளமான பட்டியல் இருக்கிறது, அதைப் பாடமாக்கினாலும் வாயைத் திறக்கிற நேரத்தில் எதுவும் ஞாபகம் வராது. அதற்குப் பதிலாக ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 'சீ' காதில் விழுந்தால், அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று கேளுங்கள். பொருள் வருகிறதா, ஆள் வருகிறாரா, 'இஃப்' வருகிறதா, 'டு' வருகிறதா, 'ஓஃப்' வருகிறதா, ஒன்றுமே வராமல் வசனம் முடிகிறதா? அர்த்தம் அங்கேதான் இருக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு பழக்கத்தை வைத்துத்தான்.

முதல் படி: 'சீ', 'லுக்', 'வாட்ச்' மூன்றையும் பிரித்துவிடுங்கள்

நம்மிடம் 'பார்' இருக்கிற மாதிரியே 'காண்' என்றும் ஒரு சொல் இருக்கிறது. "ஆளைக் காணேல்லை" என்று சொல்கிறோமே, அந்தக் 'காண்'தான் ஆங்கிலத்தின் 'சீ'. நாம் முயற்சி செய்தோமோ இல்லையோ, கண்ணில் பட்டுவிட்டது, அவ்வளவுதான். கண்ணைத் திருப்பிப் பார்ப்பது 'லுக்'. அசைகிற ஒன்றை, நடந்துகொண்டிருக்கிற ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பது 'வாட்ச்'.

இதைப் படிக்கத் திருகோணமலையைவிட நல்ல இடம் இல்லை என்றே சொல்வேன், ஏனென்றால் திமிங்கிலப் படகில் இந்த மூன்றும் வரிசையாக வரும். நம் துறைமுகத்துக்கு வெளியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்குக் கிட்டவே தொடங்குவதால் நீலத்திமிங்கிலங்களும் கரையிலிருந்து அதிக தூரம் இல்லாத இடத்துக்கே வந்துபோகின்றன. படகோட்டி முதலில் தண்ணீர்ப் புகையைக் கண்டுவிட்டுக் கையை நீட்டி "லுக்! ஓவர் தேர்!" என்பார். அதாவது, அந்தப் பக்கம் கண்ணைத் திருப்புங்கள். பயணி திரும்புவார், அலையைத் தவிர ஒன்றும் தெரியாது. "வேர்? ஐ கான்ட் சீ எனிதிங்" என்பார். பார்க்கிறார், ஆனால் காணவில்லை. திரும்பவும் புகை எழும்ப, "ஐ சீ இட்! ஐ சீ இட்!" என்று கத்துவார். இப்போது கண்டுவிட்டார். அப்புறம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் அது வாலைத் தூக்கி ஆழத்துக்குள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது 'வாட்ச்'. அதனால்தான் விளம்பரப் பலகையில் 'வேல் வாட்ச்சிங்' என்று இருக்கிறது. 'வேல் சீயிங்' என்று எங்கும் எழுத மாட்டார்கள்.

ஒரு சின்ன விஷயம்: 'லுக்' க்குப் பின்னால் பொருள் வந்தால் நடுவில் 'அட்' கட்டாயம் வேண்டும். "லுக் அட் த டியர்" என்று பிரெட்ரிக் கோட்டைக்குள் நிற்கிற மான்களைக் காட்டலாம். 'சீ' க்கு 'அட்' வரவே வராது. கையால் காட்டிக்கொண்டு "சீ திஸ்" என்று நம்மில் நிறையப் பேர் சொல்கிறோம், காட்டுகிற இடத்தில் 'லுக் அட் திஸ்' தான் இயல்பு. தொலைக்காட்சிக்கு 'வாட்ச்'. படத்துக்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்கும் இரண்டும் வரும், தியேட்டருக்கோ மைதானத்துக்கோ போய்ப் பார்த்ததென்றால் 'சீ' அதிகம் கேட்கும்.

இரண்டாம் படி: 'தெரிகிறது' என்று வருமிடத்தில் 'கேன் சீ' போடுங்கள்

"ஐ ஆம் சீயிங் அ ஷிப்" என்று சொல்லாதீர்கள். கண்ணில் படுவது ஒரு நிலை, நாம் செய்துகொண்டிருக்கிற வேலை இல்லை, ஆகவே ஆங்கிலம் இந்த அர்த்தத்தில் 'சீ'யுடன் 'இங்' சேர்க்க விடுவதில்லை. "ஐ கேன் சீ அ ஷிப்" என்றுதான் வரும். எப்போது என்று குழம்பினால் தமிழில் யோசியுங்கள். நாம் "கப்பலைக் கண்டுகொண்டிருக்கிறேன்" என்று சொல்வதில்லை, "கப்பல் தெரியுது" என்கிறோம். 'தெரியுது' வரும் இடமெல்லாம் 'கேன் சீ'. கோணேசர் கோயிலுக்குப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது நாள் முழுக்க உதவும்: இராவணன் வெட்டு இங்கிருந்து தெரியும், கீழே கடல் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் மூதூர்ப் பக்கக் கரை தெரியும். எல்லாவற்றையும் "யூ கேன் சீ" என்று தொடங்கி மிச்சத்தைச் சேர்த்துவிடலாம்.

கடந்த காலத்தில் 'சோ', எழுத்து எஸ் ஏ டபிள்யூ. மரம் அறுக்கிற வாளுக்கும் இதே எழுத்து, இதே உச்சரிப்பு. 'ஹாவ்' அல்லது 'ஹாஸ்' முன்னால் வந்தால் 'சீன்'. "ஐ சீன் ஹிம்" என்று 'ஹாவ்' இல்லாமல் சொல்வதைப் படங்களில் கேட்டிருக்கலாம், வரவேற்பு மேசையில் அது வேண்டாம். விருந்தினர் ஒருவர் "ஹாவ் யூ சீன் மை பேக்?" என்று கேட்டால் அவருடைய பை இன்னும் கிடைக்கவில்லை, இப்போது தேடிக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'சீ'யைச் சொல்லும்போது காற்று பல்லுக்குப் பின்னால் மெல்லிசாக வர வேண்டும், நாக்கு பின்னால் போனால் 'ஷீ' ஆகிவிடும், அது 'அவள்'. கடலுக்கான ஆங்கிலச் சொல்லும் இதே ஒலிதான், எழுத்து மட்டும் வேறு. "யூ கேன் சீ த சீ" என்று பத்துத் தரம் சத்தமாகச் சொல்லிப் பழகினால் இரண்டும் ஒன்றாகவே வருவது காதுக்குப் பிடிபடும்.

மூன்றாம் படி: பின்னால் ஆள் வந்தால் சந்திப்பு

"சீ யூ டுமோரோ" எல்லோருக்கும் தெரியும், நாளைக்குச் சந்திப்போம். "ஐ நீட் டு சீ அ டொக்டர்" என்று விருந்தினர் சொன்னால் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்கிறார். நாமும் "டொக்டரைப் பார்க்க வேணும்" என்றுதான் சொல்வோம், இங்கே இரண்டு மொழியும் ஒரே வழியில் போகின்றன. "த மேனேஜர் வில் சீ யூ நவ்" என்றால் மேலாளர் இப்போது உங்களை உள்ளே வரச் சொல்கிறார், வேலைக்கான நேர்முகத்துக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டவுடன் எழும்ப வேண்டும்.

இந்த அர்த்தத்தில் 'இங்' வரலாம். "ஐ'ம் சீயிங் த டென்டிஸ்ட் ஆன் மண்டே" சரியான வசனம், ஏனென்றால் இது முன்கூட்டியே ஒழுங்குபடுத்திய சந்திப்பு. ஆனால் 'சீயிங்'குக்குப் பின்னால் நாளும் காரணமும் இல்லாமல் ஒரு ஆள் மட்டும் வந்தால் கவனம். "ஷீ இஸ் சீயிங் சம்வன்" என்றால் அவளுக்கு ஒரு காதலர் இருக்கிறார் என்று பொருள். நம்மவர்கள் "அண்ணாவுக்குப் பெண் பார்க்கினம்" என்பதை அப்படியே 'சீயிங் அ கேர்ள்' என்று சொன்னால், கேட்பவர் அண்ணா ஏற்கெனவே ஒரு பெண்ணோடு பழகுகிறார் என்று நினைத்துக்கொள்வார். "வீ ஆர் லுக்கிங் ஃபோர் அ பிரைட்" என்று சொல்லுங்கள், தேடுகிறோம் என்பது விளங்கிவிடும்.

நான்காம் படி: வேலையிடத்தில் "பார்க்கிறேன் சேர்" என்பதைச் சரியாக மாற்றுங்கள்

ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இந்தப் படியை வாசியுங்கள். விருந்தினர் வந்து அறையில் ஏசி வேலை செய்யவில்லை என்கிறார். நாம் மனதார "பார்க்கிறேன் சேர்" என்று நினைக்கிறோம், அதில் கவனிக்கிறேன், செய்து தருகிறேன் என்ற உறுதி இருக்கிறது. அதையே ஆங்கிலத்தில் "ஐ வில் சீ" என்று சொன்னால் அந்த உறுதி போய்விடும். அவர் காதில் அது "பார்ப்போம், நடந்தால் நடக்கும்" என்று விழும், முகம் சுருங்கும். நமக்கோ ஏன் கோபப்படுகிறார் என்று விளங்காது. தப்பு நம் மனதில் இல்லை, இரண்டு சொல் குறைந்துவிட்டது. "ஐ'ல் சீ டு இட்" என்று சொல்லுங்கள். 'சீ டு' என்றால் பொறுப்பெடுத்துச் செய்து முடிப்பது. "ஐ'ல் சீ டு இட் ரைட் அவே, சேர்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனால் அவருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

முடியுமா என்று நிச்சயமில்லாதபோது வேறு வசனம். கடைசி நேரத்தில் வந்து கடல் தெரிகிற அறை வேண்டும் என்கிறார், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "ஐ'ல் சீ இஃப் வீ ஹாவ் வன்" என்றால் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். 'சீ'க்குப் பின்னால் 'இஃப்', 'வெதர்', 'வட்', 'ஹூ' வந்தால் எல்லாம் அறிந்து சொல்வதுதான். கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் "கோ அண்ட் சீ ஹூ இட் இஸ்". கொஞ்சம் முயற்சி எடுக்கப் போகிறோம், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றால் "ஐ'ல் சீ வட் ஐ கேன் டூ". இந்த வசனத்தைச் சொல்லிவிட்டு உண்மையாகவே முயற்சி செய்யுங்கள், திரும்பி வந்து முடிந்ததா இல்லையா என்று சொல்லுங்கள். வெறும் சமாளிப்பாகச் சொன்னால் இரண்டாம் தரம் யாரும் நம்ப மாட்டார்கள்.

மேலாளர் நமக்குச் சொல்லும்போது 'சீ தட்' வரும். "சீ தட் த கேட் இஸ் லொக்ட்" என்றால் கேற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அர்த்தமில்லை. பூட்டியிருப்பதை உறுதி செய், திறந்திருந்தால் பூட்டிவிடு.

ஐந்தாம் படி: "ஐ சீ" என்று முடிந்தால்

பின்னால் ஒன்றும் வராமல் வசனம் முடிந்தால் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை, விளங்கிவிட்டது என்று பொருள். "ஓ, ஐ சீ" என்பது நம்முடைய "ஓ, அப்படியா", "ஆ, விளங்குது" மாதிரி. இதில் ஒன்றைக் கவனியுங்கள். "ஐ சீ" என்றால் சம்மதம் இல்லை. ஓட்டோவுக்கு நீங்கள் ஒரு விலை சொல்கிறீர்கள், அவர் "ஐ சீ" என்கிறார், உடனே பையைத் தூக்கி ஏற்றிவிடாதீர்கள். விலை விளங்கியது, அவ்வளவுதான், ஏறுவாரா மாட்டாரா என்று இன்னும் சொல்லவில்லை. "ஐ சீ யோர் பொயின்ட், பட்" என்று ஒருவர் தொடங்கினால் மறுக்கப் போகிறார் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

"லெட் மீ சீ" என்பதற்கு இரண்டு வழி. பொருள் கையில் இருந்தால் காட்டுங்கள் என்கிறார், இல்லாவிட்டால் கொஞ்சம் யோசிக்கிறார். "வீ'ல் சீ" நம்முடைய "பார்க்கலாம்"தான், அச்சொட்டாக ஒன்று. அந்த இழுவையும் சேர்ந்தே இருக்கும், பிள்ளை சைக்கிள் கேட்டால் அப்பா சொல்கிற "பார்க்கலாம்". "த வே ஐ சீ இட்" என்று தொடங்கினால் தன் கருத்தைச் சொல்லப் போகிறார். "ஐ கான்ட் சீ ஹிம் அக்ரீயிங்" என்றால் அவர் ஒத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊர் ஆங்கிலத்தில் வசனத்தைத் தொடங்கும்போது "சீ, த ப்ரொப்ளம் இஸ்" என்று சொல்கிற பழக்கம் பரவலாக இருக்கிறது. நமக்கு அது "இங்க பாருங்கோ" என்பது போல. வெளியாருக்கு அது சற்றுக் கடுமையாக, பாடம் எடுப்பது போலக் கேட்கலாம். "யூ சீ" என்று ஒரு சொல் கூட்டினால் மென்மையாகிவிடும், குரலையும் இறக்கிச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: 'ஓஃப்', 'அவுட்', 'த்ரூ'

'சீ ஓஃப்' வழியனுப்புவது. பஸ் நிலையத்துக்கோ புகையிரத நிலையத்துக்கோ கூடப் போய் வண்டி கிளம்பும்வரை நிற்பது. 'சீ அவுட்' வாசல்வரை வந்து விடுவது. 'சீ ஹெர் ஹோம்' வீடுவரை கொண்டுபோய் விடுவது. இவை எளிது.

'த்ரூ' மட்டும்தான் இடத்தை வைத்து அர்த்தம் மாற்றும். "ஐ கேன் சீ த்ரூ ஹிம்" என்றால் அவன் போடுகிற வேஷம் எனக்குத் தெரிகிறது. "ஐ'ல் சீ இட் த்ரூ" என்றால் எடுத்த வேலையை இடையில் விடாமல் முடிப்பேன். ஆளோ பொருளோ கடைசியில் வந்தால் ஒரு அர்த்தம், 'த்ரூ'வுக்கு முன்னால் நடுவில் வந்தால் இன்னொரு அர்த்தம். வேலை நேர்முகத்தில் இரண்டாவதைச் சொல்லலாம்.

ஏழாம் படி: ஊரும் காலமும் 'காணும்'

வழிகாட்டியாக வேலை செய்யப் போகிறவர்களுக்கு இது. ஆங்கிலத்தில் இடமும் ஆண்டும் கண் உள்ளவை போல 'சீ'க்கு எழுவாயாக வரும். "ட்ரிங்கோமலி சோ வோர் இன் 1942" என்றால் 1942இல் திருகோணமலை போரைக் கண்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கின, பயணிகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி அது. கோட்டை வாசலில் நின்று "திஸ் ஃபோர்ட் ஹாஸ் சீன் த போர்ச்சுகீஸ், த டச், த ஃப்ரெஞ்ச் அண்ட் த பிரிட்டிஷ்" என்று ஒரே வசனத்தில் நான்கு ஆட்சியையும் சொல்லி முடிக்கலாம். பழைய கட்டடத்தையோ கதிரையையோ காட்டி "இட் ஹாஸ் சீன் பெட்டர் டேஸ்" என்றால் ஒருகாலத்தில் நன்றாக இருந்தது, இப்போது தேய்ந்துபோயிற்று. நாமும் "எத்தனையோ கண்ட வீடு" என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

எட்டாம் படி: நடந்ததைக் கண்டேன் என்று சொல்ல

பொலிசாருக்கோ முதலாளிக்கோ நடந்ததைச் சொல்லும்போது இந்த வித்தியாசம் முக்கியம். "ஐ சோ ஹிம் க்ரொஸ் த ரோட்" என்றால் அவர் ஒரு கரையில் இறங்கியதிலிருந்து மறுகரை ஏறியதுவரை முழுவதையும் கண்டேன். "ஐ சோ ஹிம் க்ரொஸிங் த ரோட்" என்றால் கடந்துகொண்டிருந்த நேரத்தில் கண்டேன், மிச்சம் என்ன நடந்தது என்று நான் சொல்லவில்லை. 'இங்' இருந்தால் துண்டு, இல்லாவிட்டால் முழுசு. 'டு' எதுவும் நடுவில் வேண்டாம்.

ஒன்பதாம் படி: எல்லாப் 'பார்'க்கும் 'சீ' போடாதீர்கள்

மறுபக்கமும் ஆபத்து இருக்கிறது. தமிழில் 'பார்' எங்கெல்லாமோ ஒட்டிக்கொள்ளும். "பார்த்துப் போங்கோ" என்று கோயில் படியில் பயணியிடம் சொல்ல வேண்டுமென்றால் "சீ அண்ட் கோ" இல்லை, "மைண்ட் த ஸ்டெப்" அல்லது "பீ கெயார்ஃபுல்". "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றால் 'லுக் ஆஃப்டர்'. கறிக்கு உப்புப் பார்ப்பது 'டேஸ்ட்'. செய்து பார்ப்பது, போட்டுப் பார்ப்பது, சாப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் 'ட்ரை', சேலைக் கடையில் நிற்கிற பிள்ளைகள் "ட்ரை இட் ஆன்" என்பதை வைத்துக்கொள்ளுங்கள். வேலை பார்ப்பது 'வேர்க்'. கணக்குப் பார்ப்பது 'செக்'. தமிழில் நாக்கும் கையும் மூளையும்கூடப் 'பார்க்கும்', ஆங்கிலத்தில் அந்த வேலைகளைத் தனித்தனிச் சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

'சீ'க்கு முன்னால் 'ஓவர்' சேர்ந்த ஒரு சொல்லை நாம் நெடுங்காலமாகவே பாவிக்கிறோம்: றோட்டு வேலை நடக்கிற இடத்தில் நிற்கிற ஓவசியர். 'ஓவர்சீ' என்றால் மேற்பார்வை செய்வது, தமிழ்ச் சொல்லும் அதே மாதிரி அமைந்திருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் 'ஓவர்லுக்' வேறு. அது கவனிக்காமல் விட்டுவிடுவது, அல்லது உயரத்திலிருந்து ஒன்றைப் பார்த்தபடி அமைந்திருப்பது. "ரூம்ஸ் ஓவர்லுக்கிங் த சீ" என்று ஹோட்டல் விளம்பரத்தில் இருந்தால் அறைகள் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன.

பழகுவது எப்படி

கொப்பி ஒன்று வாங்கி, பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வந்ததும் அன்றைக்கு யார் வாயிலாவது கேட்ட 'சீ' வசனத்தை இடப்பக்கம் எழுதுங்கள், யார் யாரிடம் எப்போது சொன்னார் என்பதையும் சேர்த்து, ஏனென்றால் இடம் ஞாபகமிருந்தால் அர்த்தமும் ஞாபகமிருக்கும். வலப்பக்கம் அதே நேரத்தில் நம் வீட்டு ஆட்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். "ஐ'ல் சீ டு இட்" எதிரே "நான் பார்த்துக்கொள்றன்" என்று வர வேண்டும், அகராதித் தமிழ் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று கிடைத்தாலும் போதும். கேட்ட வசனத்தை அடுத்த நாளே ஒரு தரமாவது நீங்களாகச் சொல்லிவிடுங்கள், தவறாக வந்தாலும் பரவாயில்லை, விருந்தினர்கள் பெரும்பாலும் பொறுமையாகத் திருத்துவார்கள். துணிந்து "டிட் ஐ சே இட் ரைட்?" என்று கேளுங்கள்.

இது கைக்கு வந்த பிறகு 'லுக்'கை இதே மாதிரி எடுங்கள். 'ஆஃப்டர்', 'ஃபோர்', 'இன்டு', 'ஃபோர்வர்ட் டு' என்ற நான்கோடு தொடங்கினால் போதும். கடைசியாக உள்ளது கடிதத்திலும் மின்னஞ்சலிலும் தினமும் வரும், அதற்குப் பின்னால் 'சீயிங் யூ' என்று 'இங்'கோடு எழுத வேண்டும்.